எட்டு கிலோ போதும்

காலை ஏழு மணியிலிருந்தே ஏசி மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிலிண்டர்களை ஏற்றிப்போகும் வண்டி வருவது ஒன்பதுக்கு. அதற்குள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து தரையைத் தேய்த்துவிட்டார். "ஒரு இடத்துல உக்காருங்க, பாக்குற எனக்கே தலை சுத்துது" என்றாள் மனைவி. உட்கார்ந்தார். குக்கர் விசில் அடித்தது. எழுந்துவிட்டார்.

அந்தச் சத்தம்தான் அவருக்கு ஆகாது. குக்கர் மட்டுமில்லை, பஸ் கதவு திறந்தாலும் சைக்கிள் டியூபில் காற்று இறங்கினாலும், 'உஸ்' என்று கேட்டால் போதும், எழுந்து நின்றுவிடுவார். ஒரு வருஷமாக இந்தப் பாடு.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக டீ குடித்தவர்தான். ஏசியில் குழாய் மாற்ற வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் கேஸை முதலில் வெளியேற்ற வேண்டும். வால்வைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போய்வந்தால் கேஸ் காற்றோடு போயிருக்கும், வேலையை ஆரம்பிக்கலாம். அவருக்குத் தெரிந்த எல்லா மெக்கானிக்கும் செய்வது அதுதான். நிறமில்லை, வாடையில்லை, யார் கண்ணையும் கரிக்கவில்லை. போனால் போகட்டுமே.

மெக்கானிக் லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு நாள் வகுப்பில் உட்கார வேண்டும் என்றார்கள். பின் வரிசையில் தூங்கலாம் என்றுதான் போனார். சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் நேரத்தில் பாடம் நடத்திய அம்மா ஒரு விஷயம் சொன்னார். பூமி சூடாவதற்கு நிலக்கரியையும் வண்டிப் புகையையும் காட்டுகிறோம், அது சரிதான். ஆனால் நீங்கள் திறந்துவிடும் இந்தக் கேஸ் ஒரு கிலோ, கரியமில வாயு இரண்டாயிரம் கிலோவுக்குச் சமமாகச் சூடேற்றும்.

அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டார். வாரத்துக்கு இத்தனை ஏசி, ஒன்றுக்கு ஒரு கிலோ, இருபத்திரண்டு வருஷம். பாதியில் பயந்து நிறுத்திவிட்டார். வெயில் ஏறுகிறதே என்று ஊரோடு சேர்ந்து புலம்பியவர்தான் அவரும். வெயில் ஏற ஏற ஏசி கூடுகிறது, அதற்குக் கரண்டும் கூடுகிறது, நம் கையால் போகிற கேஸும் கூடுகிறது, மறுபடி வெயில் ஏறுகிறது. நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அன்றுதான் உறைத்தது.

பழைய மெஷின் ஒன்று வாங்கினார். ஏசியிலிருக்கும் கேஸை அது உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அரைமணி, முக்கால்மணி ஆகும். கூட்டாளியான மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவன் இரண்டு பிள்ளைகளின் அப்பன். நாலு இடத்துக்கு ஓடினால்தான் பிழைப்பு. இவர் போகிற வீட்டிலெல்லாம் ஏசியை இருபத்தாறு டிகிரியில் வையுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள், மேற்கு ஜன்னலுக்குத் திரை போடுங்கள் என்று வேறு ஆரம்பித்துவிடுவார். நீங்கள் ஏசியைச் சரிசெய்ய வந்தீர்களா, வேண்டாம் என்று சொல்ல வந்தீர்களா என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

சிலிண்டர் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பத்து கிலோ பிடிக்கும் சிலிண்டரில் எட்டோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெயில் சூட்டில் கேஸ் விரிந்து சிலிண்டர் வெடிக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இவருக்கு மனசு வராது. இன்னும் ரெண்டு கிலோ தாங்கும் என்று கழுத்துவரை அடைப்பார். அப்படி அடைத்த பத்து சிலிண்டர்கள் அடுப்படிக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நின்றன. கேஸை எரித்து அழிக்கும் ஆலையின் வண்டி வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். நூறு கிலோ. இரண்டு லட்சம் கிலோவுக்குச் சமம். போனதைப் பிடிக்க முடியாது, இதாவது போகாமல் இருக்கட்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அந்த நூறு கிலோவை நினைத்துத்தான் அவர் ராத்திரியில் கொஞ்சமாவது கண்ணை மூடினார்.

வண்டி வந்தது. டிரைவர் கொட்டகைக்குள் குனிந்து முதல் சிலிண்டரை ஒரு கையால் தூக்கினார். ஒரே கையால், வாழைப்பழச் சீப்பைத் தூக்குவது போல. இரண்டாவதையும் அப்படியே. பிறகு தராசை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார்.

"காலியா இருக்குண்ணே. பத்தும் காலி."

மெக்கானிக் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நிரம்பியது என்பதற்கு அடையாளமாக அவர் கையால் ஒட்டிய சிவப்புப் பட்டை அப்படியே இருந்தது. இந்த மாசம் நிரப்பிய பதினோராவது சிலிண்டரைக் கடையிலிருந்து தோளில் சுமந்து வந்த மச்சினன், இவர் முகத்தைப் பார்த்ததும் அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நான்தான் மாமா திறந்துவிட்டேன்."

இவர் கையிலிருந்த காலிச் சிலிண்டரைக் கீழே வைத்தார்.

"போன மாசம், வெயில் கொளுத்துன அன்னைக்கு. சிலிண்டர்ல கை வெச்சேன், சுட்டுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் அக்கா நின்னு சமைச்சுட்டிருந்தா. எட்டு கிலோன்னு உங்க நோட்டுலயே எழுதியிருக்கு. நீங்க பத்து அடைச்சிருந்தீங்க."

"ரெண்டு கிலோ விட்டா போதாதாடா?"

"அங்க நிக்கவே பயமா இருந்துச்சு. திறந்துவிட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே மாமா. சொன்னா சாப்பிடாம கிடப்பீங்கன்னுதான் சொல்லல."

அவனை அறைய ஓங்க வேண்டிய கை எழவே இல்லை. அடுப்படி ஜன்னலில் மனைவியின் வளையல் சத்தம் கேட்டது. அந்தச் சுவருக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. வருஷம் பூராவும் உலகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவருக்கு இது கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. டிரைவர் நீட்டிய காகிதத்தில், பதினொன்று என்று எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் ஒரு துணிக்கடையின் மொட்டைமாடியில் வேலை. மெஷின் ஓடியது. தராசின் மேல் சிலிண்டர், பக்கத்தில் மச்சினன். குடை சிலிண்டருக்கு, வெயில் இவனுக்கு.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கீழேயிருந்து கடைக்காரர் கத்தினார்.

மெக்கானிக் வாய் திறப்பதற்குள் மச்சினன், "அரைமணி ஆகும் சார்" என்றான். பிறகு குனிந்து முள்ளைப் பார்த்தான். "மாமா, எட்டு."

ஏசியில் இன்னும் கேஸ் இருந்தது. ரெண்டு கிலோ தாங்கும் என்று நாக்கு நுனிவரை வந்ததை மெக்கானிக் விழுங்கினார்.

"நிறுத்து. வேற சிலிண்டர் எடுத்துட்டு வா."

மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். மச்சினன் முணுமுணுக்காமல் குடையை அவர் கையில் கொடுத்தான். அந்த நேரம் கீழே தெருவில் ஒரு பஸ் வந்து நின்று 'உஸ்' என்று கதவைத் திறந்தது. மெக்கானிக் திடுக்கிட்டுத் திரும்பினார். படியில் கால் வைத்திருந்த மச்சினனும் திரும்பிச் சிலிண்டரைப் பார்த்தான்.