கடற்கரைச் சாலை, ஈரோடு

அன்று மாலை ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: பூங்கோதை, அவளுடன் வேலை பார்க்கும் நசீமா, சூப்பர்வைசர் தனபால், கம்பெனி வேன் ஓட்டும் ஆறுச்சாமி, பதில் சொல்லும் இயந்திரம். இயந்திரத்துக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

பூங்கோதையின் வீடு எங்கே என்று முடிவு செய்யக் கூடியிருந்தார்கள்.

வேலை முடிந்ததும் பெண்களை வேனில் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது கம்பெனி வழக்கம். அன்று அவள் விலாசம் மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போயிருந்தது.

"நானே சொல்றனுங்களே," என்றாள் பூங்கோதை. "சூரம்பட்டி. தண்ணித் தொட்டிக்குப் பின்னால. ஊட்டுக்காரரு கால ஒடச்சுக்கிட்டு கட்டில்ல கெடக்கறாரு. நான் போய்த்தான் சோறாக்கோணும்."

"சரிங்க. ஆனா அது ஒரு பதில்தானுங்களே," என்றார் தனபால். "ரெண்டு வேணும்."

அந்த ஆபீசில் வேலையே அதுதான். ஒரு கேள்வி, இரண்டு பதில்கள். எது மேல் என்று டிக் அடிக்க வேண்டும். அதைப் பார்த்து இயந்திரம் பேசக் கற்றுக்கொள்ளும்.

இயந்திரம் தொண்டையைச் செருமியது.

"மிக நல்ல கேள்வி. பூங்கோதை அவர்கள் ஈரோடு கடற்கரைச் சாலையில், மஞ்சள் கதவு வைத்த வீட்டில், நலமான கணவருடன் மகிழ்ச்சியாக வசிக்கிறார். வேறு ஏதாவது உதவி தேவையா?"

"ஈரோட்டுல ஏதுடா கடலு?" என்றாள் பூங்கோதை.

"மன்னிக்கவும். நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஈரோட்டில் கடல் இல்லை. அது கடற்கரைச் சாலையில் இருக்கிறது."

தனபால் நசீமாவைப் பார்த்தார். அன்று டிக் அடிக்க வேண்டியவள் அவள்தான். அவள் இயந்திரத்தின் பதிலுக்கு அடித்தாள்.

"அடிப்பாவி! போன மாசம் எங்கூட்டுக்கு வந்து கறிச்சோறு தின்னுட்டுப் போனவதான நீ?"

"வந்தேன்க்கா. நல்லா இருந்துச்சு. ஆனா நீதான சொல்லிக் குடுத்த? படிச்சுட்டு உக்காந்தா டார்கெட் முடியாது, நீளமா மரியாதையா இருக்கறத அடிச்சுட்டுப் போய்ட்டே இருன்னு."

பூங்கோதை அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

"அப்ப சூரம்பட்டி?"

"தோத்த பதிலுங்க," என்றார் தனபால். "தோத்தத வெச்சிருக்க மாட்டோம்."

வேன் கிளம்பியது.

"அண்ணா, ஒருக்கா சூரம்பட்டி வழியாப் போங்கண்ணா."

"போலாம் கண்ணு," என்றார் ஆறுச்சாமி. போனார். தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மண்கூட இல்லை.

"பாத்தாச்சா?"

"ம்."

பெருந்துறை ரோட்டைத் தாண்டியதும் கடல் வந்தது. சுமாரான கடல். கண்ணாடியில் உப்பு படிந்தது. ஆறுச்சாமி வைப்பரைப் போட்டார்.

மஞ்சள் கதவு திறந்திருந்தது. வாசலில் அவள் கணவன் நின்றான், இரண்டு கால்களிலும். கல்யாணம் ஆனதிலிருந்து "என்னடி" என்பதற்கு மேல் அவளிடம் அவன் பேசியதில்லை.

"கால் எப்படிங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"மிக நல்ல கேள்வி," என்றான் அவன். "உள்ளே வாருங்கள். விரிவாகச் சொல்கிறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆறுச்சாமி வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். வேறு வீடு இல்லாததால் உள்ளே போனாள்.

"வேறு ஏதாவது உதவி தேவையா?" என்று கேட்டுக்கொண்டே, அவளுக்குப் பின்னால் அவன் கதவைச் சாத்திப் பூட்டினான்.