முக்குளிப்பான் வெளியே வரும்வரை

தேவகி கணவன் அன்பரசுவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி முடிச்சுப் போடும்போது வாசலில் வேன் வந்து நின்றது. சேத்துப்பட்டிலிருந்து மாமியார் உண்ணாமலை வந்துவிட்டாள். மூத்த மகன் துரைக்கண்ணு கைத்தாங்கலாக அழைத்து வந்தான். கிழவி அழவில்லை. நேராக வந்து இளைய மகனின் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தினி மணிக்கும்மா?"

"ஆறு இருக்கும் அத்தே."

"நீ கிட்டக்க இருந்தியா?"

காலையிலிருந்து தேவகி பயந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

"இருந்தேன்."

"எதுனா கேட்டானா?"

"தண்ணி கேட்டாரு. ரெண்டு வாய் குடிச்சாரு."

அதன் பிறகுதான் கிழவி உடைந்து அழுதாள்.

அன்பரசு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவன். மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து படுக்கையோடு ஆனான். பேச்சு பாதிதான். பிள்ளை இல்லை. துடைப்பது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது எல்லாம் தேவகிதான். அவள் கொஞ்சம் கண்ணிலிருந்து மறைந்தாலும் கட்டில் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். அவன் அயர்ந்து தூங்கும் விடியற்காலை அரை மணி நேரம் மட்டும் அவளுடையது. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஏரிக்கரை நடைபாதைக்குப் போக ஆரம்பித்தாள். நடந்தது முதல் வாரம் மட்டும். அங்கே வருகிற தபால் ஆபீஸ் அமலா ஒருநாள் தன் பைனாகுலரை நீட்டினாள். அதுவரை வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் கொக்கு. அன்றைக்கு ஒன்று நத்தைகுத்தி நாரை ஆயிற்று, ஒன்று அரிவாள் மூக்கன் ஆயிற்று.

இன்று விடியற்காலையும் போயிருந்தாள். முக்குளிப்பான் ஒன்று குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு வந்தது. இறகுக்குள்ளிருந்து கோடு போட்ட தலைகள் இரண்டு எட்டிப் பார்த்தன. சட்டென்று கோரைக்குள் போய் மறைந்துவிட்டது. இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போகலாமென்று நின்றாள். அது மறுபடி வெளியே வந்தபோது மணி ஆறு இருபது.

வீட்டில் அவன் கை கட்டில் சட்டத்தின் மேல் கிடந்தது. விரல்கள் மடங்கியிருந்தன.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் உண்ணாமலை அதையே சொன்னாள்: "என் மருமவ கையால தண்ணி குடிச்சிட்டுத்தான் போனான். எந்தப் பொண்டாட்டிக்குக் குடுத்து வெச்சிருக்கு?" ரெண்டு வாய் என்பது அரை டம்ளராகி, உச்சி வெயிலுக்குள் ஒரு டம்ளர் ஆகிவிட்டது.

அமலா மாலையோடு வந்தாள். கிழவி அவளையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"ஆறு மணிக்கும்மா. தலைய மடில தூக்கி வெச்சிகினு ஊத்தியிருக்கா."

ஆறு மணிக்குத் தேவகியின் தோளருகே நின்று, 'அதோ, அந்தக் கோரை ஓரத்துல' என்று கைகாட்டியவள் அமலா. அவள் தேவகியைப் பார்த்தாள். தேவகி பார்வையை விலக்கவில்லை. சொல்லிவிடட்டும், இந்தக் கூடத்தின் நடுவே போட்டு உடைத்துவிடட்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு.

"நல்லாதான் பாத்துகினாங்க," என்றாள் அமலா. போகும்போது தேவகியின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, தலை குனிந்தபடி செருப்பைத் தேடினாள்.

கொள்ளி போட்டுவிட்டுத் திரும்பிய துரைக்கண்ணு, ஈரத் துண்டோடு வாசலில் நின்று கூப்பிட்டான்.

"அம்மா இனிமே இங்கியே இருக்கட்டும் தேவகி. அதுவே ஆசப்படுது. எங்க வூட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறோம். கடசியில உன்னாட்டம் பக்கத்துல இருக்கறதுக்கு யாரு வருவாங்க?"

தேவகியின் வாய் திறந்தது. உள்ளேயிருந்து உண்ணாமலை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க மாமா."

மறுநாள் ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வந்தது. ஓசைப்படாமல் எழுந்து புடவையைச் சரிசெய்தாள்.

"எங்கம்மா போற?"

"எங்கியும் இல்ல அத்தே."

"முட்டி ரெண்டும் குத்துதும்மா."

தேவகி தைலப் பாட்டிலைத் தேடி எடுத்து வந்து, பாய் ஓரம் உட்கார்ந்தாள். ஜன்னல் வெளுத்துக்கொண்டிருந்தது. அதற்கு முதுகு காட்டிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் கிழவி மற்ற காலையும் நீட்டினாள்.