அவித்த விதைநெல்

எங்கள் குடியேற்றத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருந்தது, மண்ணெண்ணெய்க்கு இருந்தது, மலேரியாக் குளிசைக்கும் இருந்தது. விசுவாசத்துக்கு மட்டும் இருந்ததில்லை. அதை மொத்தமாக எங்கள் கோயில் மூப்பர் வஸ்தியாம்பிள்ளை கையில் வைத்திருந்து, ஞாயிறுதோறும் எங்களுக்குச் சில்லறையாகக் கொடுத்துவந்தார்.

கனகராயன்குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டி எங்களுக்குக் காணி கொடுத்திருந்தார்கள். சின்னக் குளம் ஒன்று, ஓலைக்கோயில் ஒன்று. வவுனியாவிலிருந்து பங்குச் சுவாமி மாதத்தில் ஒருமுறை பூசை வைக்க வருவார். பஸ் பழுதானால் அதுவும் இல்லை. மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது மூப்பர். பிரசங்கம் செய்வது மூப்பருடைய வேலையல்ல. ஆனாலும் செய்தார், தடுக்க ஆளில்லை. "குருவிக்கே குறைவைக்காத ஆண்டவர் எங்களுக்குக் குறைவைப்பாரோ?" என்று கேட்பார். குருவிகளுக்குக் குறையில்லை என்பது உண்மைதான். எங்கள் குரக்கன் கதிர்களைத் தின்று அவை நன்றாகவே இருந்தன.

எங்களுடையது புழுதி விதைப்பு. மழைக்கு முன்பே, உழுது காய்ந்த புழுதியில் விதைநெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மழை நேரத்துக்கு வந்தால் நெல். வராவிட்டால் எறும்புக்கும் புறாவுக்கும் பெருநாள். மழை வந்தபிறகு ஆறுதலாக விதைக்கலாமே என்று பட்டணத்து ஆட்கள் கேட்பார்கள். பிந்தி விதைத்தால் கதிர் முற்றுவதற்குள் எங்கள் குளம் வற்றிவிடும். அதனால் புழுதியை விட்டால் வழியில்லை. இதில் ஒரு முறையும் இருந்தது. முதல் பனையோலைக் கடகம் நெல்லை மூப்பர் தன் வயலில் செபம் சொல்லித் தூவவேண்டும். அவர் தூவும்வரை வேறு எவரும் சாக்கின் வாயை அவிழ்ப்பதில்லை.

ஐம்பத்துநாலில் மழை ஏமாற்றியது. மூப்பர் விதைத்ததெல்லாம் புறாவுக்குப் போனது. அதற்குப் பிறகு அவருடைய குரல் கூடியது, நம்பிக்கை குறைந்தது. இரண்டும் சேர்ந்தே நடப்பதைப் பிறகும் பலரிடம் கண்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் அவர் வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மூடை விதைநெல். ஆவணி மாதம் ஒருநாள் அவர் குசினி வாசலில் வந்து நின்று மனைவி அன்னபாக்கியத்திடம் சொன்னார்.

"இஞ்சாரும், உந்த மூடையை அவிச்சுப்போடும்."

"விதைநெல்லையோ?"

"போனமுறை புழுதிக்குக் குடுத்தது காணும். இந்தமுறை சோறாவது திண்டிட்டுச் சாவம்."

"ஞாயிற்றுக்கிழமை வேறை கதையெல்லோ சொன்னனீங்கள்?"

"அது கோயில். இது குசினி."

அன்னபாக்கியம் பானையை அடுப்பில் ஏற்றினாள். நெல் அவிக்கிற மணம் வளவெல்லாம் பரவியது. காயவைத்துக் கட்டிய பிறகு மூப்பர் சாக்கை அவிழ்த்து ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். அவித்த நெல்தான், இனி முளைக்காது. அன்றைய செபத்தில் ஆண்டவரை நம்புவதைப்பற்றி வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார். முதலில் குரக்கனை முடிப்போம் என்று அன்னபாக்கியம் சொன்னதால் நெல்மூடை தொடப்படாமலே இருந்தது.

புரட்டாதி வந்தது. எல்லோரும் உழுதுவிட்டு மூப்பரின் முகத்தைப் பார்த்தோம். முதலில் பிறை சரியில்லை என்றார். பிறகு முதுகு சரியில்லை என்றார். பிறகு சுவாமி வந்து விதையை ஆசீர்வதிக்கட்டும் என்றார். பக்கத்து வயல்காரன் சிற்றம்பலம் சைவம். அவனுக்கு மூப்பரின் முறை எதுவும் கட்டாயமில்லை. ஆனாலும் எங்களோடு சேர்ந்து காத்திருந்தான்.

"மூப்பர், எங்கடை பிள்ளையார்கூட இவ்வளவு யோசிக்கமாட்டார்" என்றான்.

கிழக்கே முகில் கட்டத் தொடங்கியது. ஒரு காலை, செபம் முடிந்த கையோடு சனம் மூப்பர் வீட்டுக்குப் போய், மூடையைத் தூக்கித் தோளில் வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு வயலுக்கு நடந்தது. அவர் பின்னால் ஓடிவந்தார். வாயைத் திறந்தார், மூடினார். விதைநெல்லை அவித்துவிட்டேன் என்று எந்த மூப்பர் சொல்லுவார்?

முதல் கடகத்தை மூலையில் நின்று தூவினார். கண்ணீர் ஓடியது. அவ்வளவு உருக்கமான செபத்தை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. வீட்டிலிருக்கும் கடைசிச் சோற்றைப் புழுதியில் எறிகிறவனுக்கு உருக்கம் தானாக வரும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

"மிச்சத்தை அன்னபாக்கியம் ஆறுதலா விதைப்பா" என்று சாக்கைக் கட்டப் போனார்.

"அவா ஏன் தனியக் கஷ்டப்படுவான்? நாங்கள் நிக்கிறம்!"

பத்துக் கைகள் சாக்குக்குள் போயின. மூப்பர் கண்ணை இறுக மூடிச் செபமாலையைத் தொடங்கினார். சாக்கு வெறுமையாகும்வரை திறக்கவேயில்லை. எங்களுக்கு மெய்சிலிர்த்தது. வரம்பில் நின்ற அன்னபாக்கியம் மட்டும் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முகில் கலைந்து போய்விட்டது. வெயில் எரித்தது. அன்னபாக்கியம் பின்னேரங்களில் வரம்பில் தனியே நின்று வானத்தோடு கதைப்பாள். செபிக்கிறாள் என்று நினைத்தோம். மூப்பருக்குக் காய்ச்சல் என்று கேள்வி. காய்ச்சல் சரியாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. ஊரெல்லாம் முளைத்தது. மூப்பருடைய வயலும் முளைத்தது, அவர் கண்ணீரோடு தூவிய அந்த மூலையைத் தவிர. அது மொட்டையாகக் கிடந்தது. மூப்பர் மூலையைப் பார்க்கவேயில்லை. மற்றப் பச்சையைப் பார்த்துச் சேற்றில் முழங்காலில் விழுந்தார்.

பாவம் மனிதர். வாழ்நாளில் ஆண்டவர் செய்த ஒரு புதுமையைக் கண்டுவிட்டார், அதை வெளியே சொல்ல வழியில்லை. அவித்த நெல் முளைத்தது என்றால் அவித்தது யார் என்று கேட்பார்களே. சோறு இறங்கவில்லை. வறட்சியில் மெலியாத உடம்பு அந்த இரண்டு கிழமையில் மெலிந்தது.

சுவாமி வந்த ஞாயிறன்று பூசை முடிந்ததும் மூப்பர் எழுந்தார்.

"சுவாமி, நான் உங்களெல்லாருக்கும் விசுவாசம் படிப்பிச்சனான். எனக்குள்ளை ஒண்டும் இருக்கேல்லை. விதைநெல்லை அவிப்பிச்சனான். நீங்கள் அண்டைக்கு விதைச்சது அவிச்ச நெல்லு. அதுதான் முளைச்சு நிக்குது."

அவர் அதுவரை செய்த பிரசங்கங்களில் அது ஒன்றுதான் சின்னது, அது ஒன்றுதான் எங்களை அசைத்தது. இரண்டு பெண்கள் விம்மினார்கள். எல்லோரும் முழங்காலில் நின்றோம். மேலிடத்தில் இருக்கும் மேற்றிராணியாருக்கு இதை எப்படி எழுதுவது என்ற யோசனை சுவாமியின் முகத்தில் அப்படியே தெரிந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அன்னபாக்கியம் எழுந்தாள்.

"சுவாமி, ஆருக்கும் எழுதிப்போடாதையுங்கோ. நான் அவிக்கேல்லை. மேலை இருந்த ஒரு கடகம்தான் அவிச்சது, இவர் கடிச்சுப் பாப்பார் எண்டு. இவர் தூவினது அதைத்தான். அதுதான் அந்த மூலை மொட்டை."

கோயில் சிரிப்பில் அதிர்ந்தது. வெளியே நின்ற சிற்றம்பலத்தின் சிரிப்பு எல்லோருடையதையும் தாண்டிக் கேட்டது. மூப்பர் நின்ற இடத்திலேயே நின்றார். இருந்த ஒரு புதுமையும் போய்விட்டது. எனக்கு அப்போது அவரைப் பார்க்க உண்மையாகவே கவலையாக இருந்தது.

சுவாமி சிரிக்காமல் கேட்டார்: "பிள்ளை, உனக்கு அவ்வளவு விசுவாசமோ?"

"விசுவாசமோ? நல்ல கதை, சுவாமி. மழை வருமட்டும் எனக்கு நித்திரை இல்லை. வரம்பிலை நிண்டு ஆண்டவரை வாய்க்கு வந்தபடி பேசினனான்."

"பிறகேன் விதைக்க விட்டனீ? சோத்துக்கு வைச்சிருக்கலாமே?"

"சோத்துக்கு வைச்சா மார்கழியோடை முடிஞ்சிடும். பிறகும் அவரிட்டைத்தானே போய் நிக்கவேணும்? வேறை ஆரிட்டைப் போறது?"

சிரிப்பு நின்றுவிட்டது. சுவாமி பீடத்துப் பக்கம் திரும்பினார்.

அடுத்த புரட்டாதியில் மூப்பர் பிறையைப் பார்க்கவில்லை, முதுகையும் பார்க்கவில்லை. சாக்கின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து ஒவ்வொரு மணி எடுத்துக் கடித்தார். மூன்றும் பச்சை நெல். முதல் கடகத்தைத் தூக்கிக்கொண்டு காய்ந்த புழுதியில் இறங்கினார். வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. செபம் சொல்லவேண்டிய இடத்தில் வாய் வரவில்லை. வரம்பில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பயமாக் கிடக்கு, அன்னபாக்கியம்."

"எனக்கும்தான். எறியுங்கோ."