வாயால் ஊதாதே

ஜப்பானில் எங்கள் வீடுகளில், முன்னோரைக் கும்பிடும் மாடத்து மெழுகுவர்த்தியை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. வாய்க்காற்று எச்சில். கையால் விசிறித்தான் அணைக்க வேண்டும். ஏழு வயதில் ஒருநாள் நான் ஊதித் தொலைத்தேன். அப்பா முதுகில் வைத்த அறை இன்னும் நினைவிருக்கிறது. நான் செய்த பேய் வீடியோ விளையாட்டு அந்த அறையிலிருந்துதான் பிறந்தது.

பதினெட்டு வருடங்களுக்கு முன் கையடக்கக் கருவிக்காக அதைச் செய்தேன். மூன்றாம் அத்தியாயத்தில், செத்துப்போன அத்தையின் மாடத்தில் மெழுகுவர்த்தி எரியும். அணைத்தால்தான் கதவு திறக்கும். அந்தக் கருவியில் மைக் உண்டு. முகத்துக்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் திரையில் ஆடுகிறவர் தன் வாயாலேயே ஊத வேண்டும். ஊதியதும் அத்தை திரும்பிப் பார்ப்பாள். தப்பைச் செய்தது நீங்கள், கதையில் வரும் பெண் அல்ல. மொத்தப் பயமும் அதில்தான்.

இப்போது அதைத் தொலைக்காட்சியில் ஆடும் புதிய கருவிக்கு மாற்றுகிறோம். இதைக் கையில் பிடித்து ஆட்டி ஆடும் கன்ட்ரோலரில் மைக் கிடையாது.

“பட்டன் ஒண்ணு வச்சுட்டுப் போங்க, இசுருகி-சான்,” என்றார் தயாரிப்பாளர் குமகாய்.

“பட்டன அமுக்கினா எச்சில் படுமா?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒசாகாக்காரிக்கு அதில் வெட்கமில்லை.

நிரல் எழுதும் ஷினொஹாரா மறுநாள் பல்லெல்லாம் தெரிய வந்தான். “கன்ட்ரோலர விசிறி மாதிரி ஆட்டுங்க. அணையுது பாருங்க!”

ஆட்டினேன். அணைந்தது. அத்தை திரும்பினாள்.

“இவ எதுக்குத் திரும்புறா?”

“அணைச்சுட்டோம்ல?”

“முறையாத்தானே அணைச்சோம்? செத்தவளுக்கு இதுல என்னடா கோபம்? நல்லா இருன்னு சொல்லிட்டுப் படுக்க வேண்டியதுதானே!”

“எங்க வீட்ல இப்படித்தான் அணைப்போம்,” என்றான் பாவம். நல்ல வளர்ப்பு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். நான் பூதத்துக்காகவே வெட்டிய கிணற்றில் பூதத்தைக் காணோம்.

குமகாய் ஆட்டிப் பார்த்துவிட்டு ஒரு கொட்டாவி விட்டார். “வெள்ளிக்கிழமை அவதா-சான் ஆடிப் பார்க்கட்டும். அவங்க பயந்தா இந்த அத்தியாயம் இருக்கும். இல்லைன்னா வெட்டிடலாம்.”

அவதா-சான் எங்கள் சோதனைப் பிரிவில் இருபது வருடமாக இருப்பவர். பேய் விளையாட்டு ஆடும்போதே தூங்கிவிடுவார். அந்த அத்தியாயம் போனால் என் விளையாட்டில் மிச்சமிருப்பது இருட்டான நாலு அறைகள்தான். விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

கன்ட்ரோலருக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது. மூன்றாம் நாள்தான் அது என் கண்ணில் பட்டது. எது வேண்டும், எது எப்போது வேண்டும் என்று ஷினொஹாராவிடம் சொன்னேன். “அந்த நேரம் வர்ற வரைக்கும் இந்த ஸ்பீக்கர் மூச்சுகூட விடக் கூடாது,” என்றேன்.

“ஆனா யார் ஊதுறா, யார் ஊதலைன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“நீ எழுது. எனக்கு மனுஷங்களைத் தெரியும்.”

வெள்ளிக்கிழமை மதியம். அவதா-சான் சோற்றுருண்டையை மென்றபடி வந்து அமர்ந்தார். மாடம் வந்தது. கன்ட்ரோலரை விசிறினார். சுடர் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. இன்னொரு தடவை. நிமிர்ந்தது.

“என்ன மெழுகுவர்த்தி இது, மாமியார் மாதிரி அடங்க மாட்டேங்குது.”

மூன்றாவது தடவை. நான்காவது தடவை ஓங்கி விசிறினார். சுடர் படுத்து, மெல்ல எழுந்தது. பொறுமை போய்விட்டது அவருக்கு. முன்னால் சாய்ந்து, தொலைக்காட்சியைப் பார்த்து, “ஃபூ!” என்று ஊதிவிட்டார்.

ஊதியவுடன் வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் நல்ல வளர்ப்புதான்.

சுடர் அணைந்தது. அத்தை திரும்பவில்லை. திரையில் இருட்டு, அவ்வளவுதான். பிறகு அவருடைய இடது உள்ளங்கைக்குள்ளிருந்து, மிக அருகில், யாரோ பதிலுக்கு ஊதினார்கள்.

“ஃபூ.”

கன்ட்ரோலர் பறந்துபோய் குமகாயின் முழங்காலில் விழுந்தது. அவதா-சான் நாற்காலியோடு சுவர் வரை போய்விட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“வெட்ட வேண்டாம்,” என்றார் குமகாய், முழங்காலைத் தேய்த்தபடி.

அவதா-சானுக்கு மூச்சு திரும்ப நேரமானது. “மைக் இல்லைன்னீங்களே? நான் ஊதினது அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியாது, அவதா-சான். நாலு தடவை விசிறினா, ரெண்டு செகண்ட் கழிச்சு அதுவா அணையுற மாதிரிதான் வச்சிருக்கோம்.”

“அப்போ நான் ஊதாம இருந்திருந்தா?”

“அப்பவும் அணைஞ்சிருக்கும். யார் ஊதினாங்கன்னு நீங்க யோசிச்சுக்கிட்டிருப்பீங்க.”

“ஊதவே வேண்டியதில்லையா?”

“வேண்டியதில்லை. நீங்களாத்தான் ஊதுனீங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வந்து கன்ட்ரோலரை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு அதன் முன் இரு கைகளையும் சேர்த்துத் தலை குனிந்தார்.

“மன்னிச்சுக்கோங்க, அத்தை.”