இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. வெற்றிச்செல்வன் எழுந்து மோட்டார் போட்டான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். கீழ்வீட்டு அம்பிகா அக்கா கொடுத்தனுப்பிய இட்லியில் மூன்று தின்றான். சட்னியைத் தொடவில்லை. ஆறே முக்காலுக்கு லேப்டாப்பைத் திறந்தான்.

மடல் வந்திருந்தது. "சுத்தமாக இருக்கிறது. அட்டையில் ஓட்டிப் பார்த்தீர்களா?"

எடைமேடையிலிருந்து கணினிக்கு எடையைக் கொண்டுவரும் சின்ன அட்டை அது. அதைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் நிரலை எழுதியவள் பவானி, அவன் மனைவி. கணினியை இயக்கும் அடிப்படை நிரலான, உலகெங்கும் ஆட்கள் சேர்ந்து எழுதும் கெர்னலில் அவளுடைய அறுநூறு வரிகளும் இருந்தன. கோப்பின் தலையில் அவள் பெயர் இருந்தது. அட்டையைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. போன மாதம் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் பொதுவில் எழுதினார். நிரல் அழுக்காக இருக்கிறது, எழுதியவர் பதில் தருவதில்லை, யாரும் சுத்தம் செய்து ஓட்டிக் காட்டாவிட்டால் அடுத்த வெளியீட்டில் நீக்கிவிடுவோம் என்று.

பதில் தருவதில்லை என்பது உண்மைதான். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

பெயரை நீக்க விடக்கூடாது. அது ஒன்றுதான் அவனுக்குத் தெளிவாக இருந்தது. சுத்தம் செய்வது அவனுக்குக் கைவந்த வேலை. "நான் ஓட வெக்கறவ, நீ கோலம் போடறவன்" என்பாள். சோதனைக் கருவி காட்டிய நாற்பத்து மூன்று குறைகளையும் சரிசெய்தான். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி அட்டையிலிருந்து ஓர் எண்ணை வாங்கியது. வாங்கிய எண்ணை அதன் பிறகு எங்கும் பயன்படுத்தவில்லை. வீண் வரி. அழித்தான். நேற்றிரவு பராமரிப்பாளருக்கு அனுப்பினான்; காலையில் வந்தது அவருடைய பதில்.

ஒன்பது மணிக்குத் திண்டிவனத்தில் இறங்கினான். அந்த அட்டை இன்னும் ஓடுவது அவனுக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான், நிலக்கடலை மூட்டைகளை எடைபோடும் பாண்டுரங்கனின் மல்லாட்டை மண்டியில்.

"வா தம்பி. காப்பி சொல்லட்டா?"

"வேணாங்கண்ணே. கொஞ்சம் மூட்டை வெச்சுப் பாக்கணும்."

"பாரு. மூட்டைக்கா பஞ்சம்."

புதிய டிரைவரை ஏற்றினான். பதினோரு மூட்டை சரியாக வந்தது. பன்னிரண்டாவது மூட்டையின் வாயைத் தைக்க நின்ற கெங்கம்மாள் திரையைப் பார்த்தாள்.

"மொதலாளி, இத நான் பாதிகூட ரொப்பல. இதுக்கும் நாப்பத்திரண்டா?"

"கண்ணாடி போட்டுப் பாரு."

"கண்ணாடிய உம்ம மிசினுக்குப் போடும். போன மூட்டையவே சொல்லிக்கினு கெடக்குது."

அவள் சொன்னது சரி. முந்தைய மூட்டையின் எடைதான் திரையில் நின்றது. அடுத்த நான்கு சரி. பிறகு மறுபடி பழைய எடை. அதற்குப் பின் பத்தொன்பது சரி. ஓர் ஒழுங்கும் பிடிபடவில்லை.

அவன் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினான். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியை மீண்டும் போட்டதும் தவறு நின்றது. அதற்குப் பதில் நிரல் அந்த இடத்தில் சற்றுக் காத்திருக்கும்படி எழுதிப் பார்த்தான். தவறு திரும்பியது. வரியைப் போட்டான். தொண்ணூறு மூட்டையும் சரி. அட்டையின் கையேட்டைத் திறந்தான். அந்த இடத்துக்கு நேரே 'எதிர்காலப் பயனுக்கு' என்று மட்டும் இருந்தது. யாரும் பார்க்காத ஓர் எண்ணைக் கேட்டு வாங்கினால் எடை ஏன் சரியாகிறது? புரியவில்லை.

"பவானி இத பத்தி எதுனா சொல்லிச்சாண்ணே?"

பாண்டுரங்கன் யோசித்தார். "ரெண்டு நாளு இங்கியே உக்காந்திருந்துச்சு. மல்லாட்டைய உரிச்சுத் தின்னுக்கினே. அப்புறம் 'புடிச்சிட்டேண்ணே'ன்னு ஒரே கத்து. என்னத்தப் புடிச்சேன்னு நான் கேக்கல. எனக்கு இன்னா புரியப் போவுது?"

வரியைச் சேர்த்து அனுப்பினான். விழுப்புரம் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது பதில் வந்தது. "இந்த வரி எதற்கு? காரணம் எழுதாவிட்டால் நாளை வேறொருவர் அழிப்பார். எழுதியவரைக் கேட்டுச் சொல்ல முடியுமா?"

'முடியாது' என்று தட்டினான். அழித்தான். பிறகு தெரிந்ததை எழுதினான். "இந்த வரி இல்லாவிட்டால் சில சமயம் முந்தைய எடை வருகிறது. திண்டிவனத்தில் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியவில்லை. எழுதியவர் இறந்துவிட்டார்." கடைசி வாக்கியத்தை அவன் இதுவரை எங்கும் எழுதியதில்லை. அனுப்பினான்.

விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது அடுத்த மடல். "வருந்துகிறேன். நீங்கள் எழுதியதையே வரிக்கு மேலே குறிப்பாகப் போடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அவர் ஏதாவது சொன்னது நினைவிருந்தால் அதையும் சேருங்கள்."

பெயர் இருக்கும். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. எப்படி என்று தெரியவில்லை.

நினைவிருக்கிறதா? திண்டிவனத்திலிருந்து வந்த அன்று சாப்பிடும்போது அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவன் போனில் இருந்தான். அப்புறம் சொல்லு என்று கையைக் காட்டினான். அப்புறம் அவள் சொன்னாளா? வாடகை பற்றிச் சொன்னாள். அம்பிகா அக்கா மகளின் காதுகுத்து பற்றிச் சொன்னாள். காய்ச்சல் என்று சொன்னாள். எந்த இடத்திலும் அந்த வரி வரவில்லை. கடைசியாக, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தான்.

"செருப்ப வாசல்லயே வுட்டுட்டேன், வெற்றி. எடுத்து வை. போன தடவ மாதிரி எவளாச்சும் போட்டுக்கினு போயிடுவா."