இடம் தெரிந்த இரண்டு பேர்

வன அலுவலகத்தில் அந்தக் காவலருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். காரணம் இருக்கிறது. அவருடைய காவல் பகுதியில் அரிய ஆர்க்கிட் செடி ஒன்று இருந்தது. அதில் ஓர் இலையைக் கிள்ளினாலே சட்டப்படி சிறை. ஆனாலும் கேட்ட விலை கொடுத்து வாங்க ஆட்கள் இருந்தார்கள். செடி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் மேலதிகாரி அம்மாவும். தலைகீழாகத் தொங்கவிட்டாலும் மனிதர் வாயைத் திறக்கமாட்டார்.

வீட்டிலும் வாயைத் திறக்க வழியில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். கட்டிக்கொடுத்த மகள் எப்போதாவது போன் செய்வாள்.

"இன்னிக்காவது யார்கிட்டயாவது பேசினீங்களாப்பா?"

"பேசினேன்மா."

பொய்யில்லை. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருந்த செடியை அவர் தினமும் போய்ப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றில் உப்புக் கூடிப்போனதிலிருந்து முழங்கால் வலிவரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். செடியோடு என்ன பேச்சு என்று சிரிக்கலாம். தனியாகக் கிடந்து பார்த்தால்தானே தெரியும்!

ஒருநாள் காலையில் போனபோது அங்கே குழிதான் இருந்தது. வேரோடு தோண்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

திருடன் பஸ் நிலையத்தில் மாட்டிக்கொண்டான். பைக்குள் திணித்த செடி அதற்குள் அழுகிப்போயிருந்தது. காவலர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"எவன்டா உனக்கு இடத்தைச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. புதருக்குள்ள ஒத்தையடிப் பாதை ஒண்ணு தேஞ்சு கெடந்துச்சு. வேலையில்லாமலா ஒருத்தன் தினமும் நடப்பான்னு அது வழியாவே போனேன்."

காவலர் சட்டையை விட்டுவிட்டார். அந்தப் பக்கம் அவரைத் தவிர எந்த மனிதன் நடக்கிறான்? வாயை அவ்வளவு பத்திரமாகக் கட்டி வைத்த மகராசன் காலைக் கட்டி வைக்கவில்லையே. அன்றிலிருந்து அவர் தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தார். சாப்பாடும் இறங்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் மேலதிகாரி அம்மா அவர் வீட்டுக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, அதே செடி, சின்னக் கன்னு ஒண்ணு பக்கத்து மலையில கெடைச்சிருக்கு. கெளம்புங்க, காட்டுறேன். நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

அவர் சட்டென்று எழுந்தார். செருப்பை மாட்டினார். பிறகு கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"எந்த மலைன்னுகூடச் சொல்லாதீங்கம்மா. தெரிஞ்சா, தினமும் போயிடுவேன்."