ரூபஸுக்கு இருபத்தொரு வயதான நாள்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். வரிசை தப்பினால் யார் மேல் பழி விழும் என்பதும் மாறிவிடும்.

அன்று காலை நான் வேலைக்குப் போனபோது இனாலி மாமா சதுக்கத்தில் இருந்தார். எங்கள் பழைய சபைக் கட்டடத்தின் படியில், முழங்கால் மேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரான டாலெக்வாவுக்கு வருகிற யாரும் முதலில் பார்ப்பது அந்தச் செங்கல் கட்டடத்தைத்தான். நான்கு வருடத்துக்கு முன்பு வரை செவ்விந்தியர்களான எங்கள் செரோக்கி தேசத்தின் சட்டங்கள் அங்கேதான் எழுதப்பட்டன. எங்கள் பகுதி ஓக்லஹோமா என்ற அமெரிக்க மாநிலமான பிறகு அது கவுண்டி ஆபீஸ், அதாவது மாவட்ட ஆபீஸ்.

"முயல் வேட்டையா மாமா?" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"ரூபஸ் எங்க?"

என் தம்பி ரூபஸ் எதிரே இருந்த ஹோட்டலின் மேல்மாடியில் இருந்தான். நான் அதே ஹோட்டலில் துணி வெளுக்கிறேன். பர்டி என்ற நிலத்தரகர் இரண்டு வாரமாக அவனுக்கு விஸ்கியும் புது பூட்ஸும் வாங்கிக் கொடுத்து அங்கே வைத்திருந்தார். அன்றோடு அவனுக்கு இருபத்தொன்று முடிகிறது. அன்றிலிருந்து, அரசாங்கம் அவன் பேருக்குப் பிரித்துக் கொடுத்த பங்கு நிலத்தை அவனே விற்கலாம். பக்கத்து நிலத்தில் தோண்டிய கிணற்றில் எண்ணெய் பீறிட்டு அடித்ததை ஊரே போய்ப் பார்த்து வந்திருந்தது.

"தூங்கறான்" என்றேன்.

"இன்னிக்குக் கையெழுத்தா?"

நான் ஹோட்டலின் மாடி ஜன்னலைப் பார்த்தேன்.

"போய்ச் சொல்லு லீசி. நிலத்தை வெளியாளுக்கு வித்தவனுக்கு நம்ம சட்டத்துல என்ன தண்டனைன்னு அவனுக்குத் தெரியும். அவன் கையெழுத்துப் போட்டா இந்தச் சதுக்கத்தைத் தாண்ட மாட்டான்."

"அந்தச் சட்டமெல்லாம் செத்துப்போச்சு மாமா."

"நான் சாகலையே."

மாமா தன் பேருக்கு வந்த பட்டாவை உறைகூடப் பிரிக்காமல் தபால் ஆபீஸில் திருப்பிப் போட்டவர். நிலம் ஜனங்கள் எல்லாருக்கும் பொது, அதைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒரு பேர் எழுதுவது திருட்டு என்பது அவர் கட்சி. அம்மா இறந்த பிறகு எங்களை வளர்த்தவரும் அவர்தான். ரூபஸுக்குக் காப்பாளர் யார் என்று கோர்ட்டில் விசாரித்த அன்று அவர் போகவே இல்லை. பிள்ளைக்குத் தாய்மாமன்தான் பொறுப்பு, இதைக்கூடவா ஒருத்தன் போய்ச் சொல்ல வேண்டும் என்று சோளக்கொல்லையில் இருந்துவிட்டார். கோர்ட்டுக்கு மாமனைத் தெரியாது, அப்பனைத்தான் தெரியும். எங்களை விட்டுவிட்டு முஸ்கோகி ஊருக்குப் போய்விட்ட வெள்ளைக்கார அப்பா வந்து, காப்பாளராகி, பையனைப் பர்டியிடம் விட்டுவிட்டுப் போனார்.

ரூபஸின் வெள்ளைச் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவில் பர்டியின் ஆள் கட்லர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டையைக் காட்டியதும் விட்டான்.

ரூபஸ் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான்.

"அக்கா, எந்தக் கலர் கார் வாங்கலாம்? கருநீலம்தான் கிடைக்குமாம்."

"மாமா கீழ உக்காந்திருக்காரு. கையில துப்பாக்கி."

"யாரைச் சுட?"

"உன்னை."

அவன் சிரித்தான். வாயில் விஸ்கி நாற்றம். "மாமாவா? மான் மேல சுட்டா மரத்துல படும். நீ பயப்படாத."

"டேய், விளையாட்டில்லடா. கையெழுத்துப் போடாத. பின் படி வழியா என்னோட வா."

"வந்து? உன்னோட சேர்ந்து துணி பிழியவா? என் பேர்ல எழுதின நிலம் அக்கா. மாமா பேர்ல எழுதினதை அவரு வேணாம்னாரு. நான் வேணும்கிறேன்."

நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். சீப்பு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக் கட்லர் உள்ளே வந்தான்.

"என்ன குட்டி, மாப்பிள்ளையைக் கடத்தப் பாக்கறியா?"

என் தலைமயிரைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். ஒரு பல் உடைந்து நாக்கில் கிடந்தது. "விடுய்யா, எங்க அக்கா!" என்று ரூபஸ் கத்தினான். கத்தியதோடு சரி. கட்லர் என்னைப் படி வழியே இழுத்துக்கொண்டுபோய் வெளுப்பறையில் தள்ளி, தானும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"எல்லாம் முடியற வரைக்கும் நாம ரெண்டு பேரும் இங்கயே பேசிட்டிருக்கலாம்."

அடுப்பின் மேல் இஸ்திரிப் பெட்டி காய்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து அவன் என் பக்கம் வந்தபோது அதை எடுத்தேன். அவன் கன்னத்தில் வைத்தபோது ஈரத்துணியில் வைத்தால் வருகிற அதே சத்தம்தான் வந்தது. அவன் மண்டியிட்டான். இன்னொரு முறை தலையில் அடித்தேன். ஒரு அடி போதும் என்று அப்போதே தெரியும், ஆனாலும் அடித்தேன். பிறகு ஓடினேன்.

நான் தெருவுக்கு வந்தபோது பத்திரம் பதியும் நோட்டரி ஆபீஸின் கதவு திறந்தது. பர்டி ரூபஸின் தோளில் கைபோட்டபடி வந்தார். பின்னால் அவருடைய இன்னொரு ஆள், இடுப்பில் துப்பாக்கியோடு. ரூபஸின் ஆள்காட்டி விரலில் மை. அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. யாரோ நெடுநேரம் ஓட விட்டு நிறுத்தியது போல இருந்தான்.

மாமா எழுந்தார். எங்கள் மொழியில், சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ரூபஸ், என் அக்கா மகனே. ஜனங்களோட நிலத்தை வித்துட்டே. என்ன சொல்றே?"

"வித்துட்டேன் மாமா" என்றான் ரூபஸ். பர்டி அவனை விட்டு விலகி நின்றார்.

மாமா துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார். நான் படியில் ஏறிக் குழாயைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். குண்டு படியில் பட்டுக் கல் தெறித்தது. என் கை படுவதற்கு முன்பே குழாய் தாழ்ந்திருந்ததா? அப்படித்தான் தோன்றுகிறது. அப்படித் தோன்ற வேண்டும் என்று நான் விரும்புவதும் எனக்குத் தெரிகிறது.

பின்னால் நின்ற பர்டியின் ஆள் மூன்று முறை சுட்டான். ஒன்று மாமாவின் கழுத்தில், ஒன்று வயிற்றில். மூன்றாவது எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. மாமா என் மேல் சாய்ந்தார். அவர் ரத்தம் என் வாய் ரத்தத்தோடு கலந்தது. ரூபஸ் வந்து கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"மாமா, என்னைப் பாருங்க. மாமா."

மாமா பார்த்தார். பிறகு அவன் கைக்குள்ளேயே அடங்கிவிட்டார்.

"இந்தியன் இந்தியனைச் சுடறான், நடுவுல நம்மாளு குறுக்கிட்டான், அவ்வளவுதான்" என்றார் பர்டி, கூடியவர்களிடம்.

மறுநாள் மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரூபஸ் விற்ற நிலத்துக்குப் போனோம். அம்மாவைப் புதைத்திருப்பதும் அங்கேதான். ஒரே ராத்திரியில் பர்டியின் ஆட்கள் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள்.

ரூபஸ் கம்பியை வெட்டினான். உள்ளங்கை கிழிந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் குழி தோண்ட ஆரம்பித்தான். இடுப்பளவு தோண்டியபோது சாலையில் குதிரைகள் வந்தன. முதல் குதிரையில் கட்லர். பாதி முகத்தில் கட்டுப் போட்டிருந்தான்.

"இது இப்ப யார் நிலம்னு தெரியுமில்ல?" என்றான் அவன்.

"தெரியும். வித்தவன் நான்தானே" என்றான் ரூபஸ், மண்வெட்டியை நிறுத்தாமல். "அக்கா, நீ வண்டியில ஏறு."

நான் ஏறவில்லை. குழிக்குள் இறங்கி, அவன் வெட்டிய மண்ணைக் கையால் வாரி வெளியே போட ஆரம்பித்தேன். கட்லர் இறங்கி, கம்பி வெட்டிய இடத்தைத் தாண்டி, எங்களை நோக்கி நடந்து வந்தான்.